ஊன்ற இடமில்லாத மந்திரவாதி

என் தம்பி தொங்கிப் பிழைக்கிறவன். இருபது மாடிக் கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடிகளைக் கயிற்றில் இறங்கிக் கழுவுவது அவன் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறான். காவலாளிகள் வைத்த பெயர் பல்லி. இப்போது வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவனுக்கு அதில் வருத்தமில்லை, எனக்குத்தான் கொஞ்சம் உண்டு.

பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவன். அதற்கு மேல் படிக்கவில்லை. நான் கட்டிக்கொண்டதோ ஒரு கணக்கு வாத்தியாரை. இவர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று என் மருந்துக்கடைக்கு விடுமுறை. மதியம் சாப்பாட்டு மேஜையில் கட்டம் போட்ட தாளை விரித்துக் கதை விளையாட்டு ஆடுவோம். கதை சொல்வது நான்: கோட்டை, பாதாளம், பூதம். தம்பி அதில் மந்திரவாதி, என் கணவர் வில்லாளி, மாடி வீட்டு நர்ஸ் வாள்வீரன். யார் எதைச் செய்யப் பார்த்தாலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு தன் திறமையைக் கூட்டி, நான் கேட்ட எண்ணைத் தொட்டால் காரியம் பலிக்கும். செத்தவர் செத்தவர்தான், திரும்பி வருகிற கதையே கிடையாது. தம்பியின் மந்திரவாதி மூன்று வருடமாகத் தாக்குப்பிடித்தான். அந்தக் கிழவனுக்கு ஓயாத இருமலையும் ஏகப்பட்ட வாய்த்துடுக்கையும் தம்பி கொடுத்திருந்தான். தாளில் அவனுக்கு அடையாளம், என் கடை இருமல் மருந்துப் புட்டியின் மூடி.

தம்பி உருட்டுவான், கூட்டுவது என் கணவர். கேட்காமலே கூட்டிவிடுவார். அவன் தாளில் ஏதாவது தப்பாக இருந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வரும். கெட்ட எண்ணமில்லை, தொழில் புத்தி. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.  தம்பி தாளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, பாலத்தை மறித்துக் கல் பூதம் நின்றது. வாள்வீரன் அதன் காலடியில் மயங்கிக் கிடந்தான். வில்லாளியிடம் அம்பு தீர்ந்துவிட்டது. மந்திரவாதி அந்தரத்தில் மிதந்தபடி தீக்குண்டை எறிய வேண்டும். அவனுக்கும் உயிர் ஊசலாடியது, பூதத்தின் ஒரு அடியைத் தாங்க மாட்டான். மிதந்துகொண்டே குறிபார்ப்பதற்கு எங்கள் விதிநோட்டில் விதியே இல்லை. மேலேயிருந்தால் இலக்கு நன்றாகத் தெரியும், இரண்டு கூட்டிக் கொடு என்றார் கணவர். நர்ஸும் ஒத்துக்கொண்டாள். தம்பியின் கிழவன் பிழைக்கட்டும் என்று எனக்கும் ஆசை. பென்சிலை எடுத்துவிட்டேன்.

"வேணாம்க்கா," என்றான் தம்பி. "கூட்டாத. கழிக்கணும்."

எங்களுக்குப் புரியவில்லை. அவன் எழுந்து போய்க் கணவரின் சுழல் நாற்காலியை உருட்டி வந்தான். அவரை அதில் உட்காரவைத்துக் கால்களைத் தூக்கிக்கொள்ளச் சொன்னான். அவர் திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டையே கையில் கொடுத்து, எதிரே இருந்த அழுக்குத் துணிக் கூடையில் எறியச் சொன்னான். முதல் தடவை நாற்காலி திரும்பிக்கொண்டது, கட்டு ஃபிரிட்ஜில் போய் மோதியது. அடுத்த தடவை பலமாக எறிந்தார். கட்டு ஒரு பக்கம் போக, நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்து நின்றது. இப்போது அப்படியே சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு எறியுங்கள் என்றான். நேராகக் கூடைக்குள் விழுந்தது.

"கண்ணாடிய நான் தள்ளினா அது என்னைத் தள்ளும் மாமா," என்றான். "இடது கையால எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாதான் வலது கையால தேய்க்க முடியும். வாயால சொல்ற மந்திரம் எங்க தொங்கினாலும் வரும். கையால எறியறதுக்கு ஊன்ற இடம் வேணும்."

அவன் அந்த மேஜையில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். ஊன்றாமல் எறிந்தால் இரண்டு கழியும், எறிந்தவன் மூன்று கட்டம் பின்னால் போவான். ஊன்றி எறிந்தால் கழிவும் இல்லை, பின்னால் போவதும் இல்லை. பாலத்தில் ஊன்றுவதற்கு இருந்தது ஒரு தூண், அவனுக்குச் சரியாக மூன்று கட்டம் பின்னால். அங்கே போய்ச் சேர ஒரு சுற்று ஆகும். அதற்குள் பூதம் வாள்வீரனை மிதித்துவிடும்.

விதி அடுத்த வாரத்திலிருந்து நடைமுறைக்கு வரட்டும் என்றார் கணவர். உண்மையாகவே இறங்கிவந்துதான் சொன்னார்.

"தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி எப்படி மாமா ஆடறது?" என்று சொல்லிவிட்டுத் தம்பி பகடையை உருட்டினான்.

ஒன்பது விழுந்தது. கணவரின் உதடு கூட்டுவதற்காக அசைந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். தம்பி தானே கூட்டினான். ஒன்பதும் அவன் திறமை ஆறும் பதினைந்து, இரண்டு போனால் பதின்மூன்று. நான் கேட்டிருந்தது பதினான்கு. சும்மா இருந்திருந்தால் பட்டிருக்கும்.

சீண்டியவன் மேல்தான் பூதம் பாயும். தம்பி மூடியை எடுக்கக் கை நீட்டினான். மூன்று வருடம் வளர்த்த கிழவனை என் வாயாலேயே சாகடிக்க வேண்டும். 

"மூடிய வை மச்சான்," என்றார் கணவர். "நாற்காலி பின்னால போச்சே."

எழுதிய நானே மறந்திருந்தேன். அவர் விரலால் மூடியை மூன்று கட்டம் பின்னால் நகர்த்தினார். பூதத்தின் கை எட்டுவது இரண்டு கட்டம். அது வெறுங்காற்றை அறைந்தது. மந்திரவாதியின் முதுகு தூணில் முட்டி நின்றது. அடுத்த சுற்றில் தம்பி கழிவில்லாமல் எறிந்தான், பூதம் பாலத்திலிருந்து விழுந்தது. நர்ஸ் மேஜையைத் தட்டிய தட்டில் பகடை எங்கேயோ உருண்டு போனது.

ஆட்டம் முடிந்ததும் கணவர் அந்த விதியை நோட்டில் அழகாகப் படியெடுத்தார். கீழே, சொன்னவர் என்று போட்டுத் தம்பியின் பள்ளிப் பதிவேட்டுப் பெயரை முழுதாக எழுதினார். பிறகு நோட்டை அவன் பக்கம் திருப்பி, சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்தார்.

"தப்பு இருந்தா திருத்து மச்சான்."

தம்பி நிதானமாகப் படித்தான். காலை ஊன்றி எறிந்தால் என்று அவர் எழுதியிருந்தார். அதில் காலை என்பதை அடித்துவிட்டு, காலோ கையோ முதுகோ என்று மேலே எழுதினான். கணவர் எட்டிப் பார்த்து, ஆமாம், அதுதான் சரி என்றார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி நான் பார்த்ததே இல்லை. திருத்தியவன் என் தம்பி.