அடிக்கல்லுக்கு ஓர் ஒப்பாரி

தன் பிழையைப் பிறர் மன்னிக்குமுன் தானே திருத்தி முடிக்கும் உறுதி அறங்களுள் அரியது. மன்னிப்பைக் கேட்டுப் பெறுவது எளிது. பெற்ற பின்னும் பிழை விழுந்த இடத்திலேயே கிடக்கும். குனிந்து அதை எடுத்து, உரிய இடத்தில் வைத்துவிட்டு நிமிர்பவர் சிலர். அச்சிலருள் ஒருவர் மன்னார்க் கரையோர ஊரான விடத்தல்தீவில் வாழ்கிறார். காலையில் சென்றால் கருவாட்டு வாடியில் மீனைப் புரட்டிக்கொண்டிருப்பார். பெயர் பெற்றிசியா, வயது ஐம்பத்து மூன்று. கணவர் கொலின்ஸ் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர். மகள்மார் இருவரும் மன்னார்ப் பட்டினத்தில் தங்கிப் படிக்கிறார்கள்.

ஊரில் ஒருவர் கண்மூடினால் முதலில் கோயில் மணி ஒலிக்கும். அடுத்துப் பெற்றிசியாவைத் தேடி ஆள் வரும். அவர் கைகழுவி, வெள்ளைச் சேலை மாற்றி, இறந்தவரின் தலைமாட்டில் போய் அமர்வார். ஒப்பாரிக்கு மெட்டுப் பொது, வரி பொதுவன்று. இறந்தவர் நட்ட முருங்கையும், தைக்கக் கொடுத்து வாங்காமற் போன சட்டையும், எந்தப் பிள்ளையின் பெயரை இறுதியில் அழைத்தார் என்பதும் அவ்வரிகளில் வந்து நிற்கும். பெட்டி மூடியதும் அவ்வரிகளும் முடிந்தன. அவை உடலோடு கல்லறைகள் நிறைந்த சேமக்காலைக்குப் போய்விட்டன என்பது ஊர் வழக்கு. பின்னர் எவரும் எந்த வீட்டிலும் அவற்றை எடுப்பதில்லை. வேலை செய்யும்போது வாய்க்குள் முணுமுணுப்பதுமில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் தொலைக்காட்சி நகைச்சுவையில் நடிக்க வந்தது இன்பாஸினால். அவர் மன்னார்ப் பட்டினத்தில் கலியாண வீடியோ எடுப்பவர், முப்பத்தைந்து வயது, அரசியல்வாதிகளின் விழாக்களையும் அவரே படம்பிடித்து வந்ததால், ஒரே நாடாவை வெவ்வேறு ஊர்களில் வெட்டக் கண்டவர். அந்தப் பட்டறிவிலிருந்து 'அடிக்கல் அமைச்சு' என்றொரு தொடரை எழுதி, உள்ளூர்க் கேபிள் அலைவரிசையில் ஞாயிறுதோறும் ஒளிபரப்பினார். கல்நாட்டான்குடா என்பது கற்பனை ஊர். அங்கே ஓர் இறங்குதுறைக்கு அமைச்சர் தேர்தலுக்குத் தேர்தல் வந்து அடிக்கல் நாட்டுவார். முன்பு நாட்டிய இடம் அவருக்கு மறந்துபோவதால் புதிய கல் வேறோர் இடத்தில் ஏறும். அமைச்சராக நடித்தவர் வின்சன்ட், ஓட்டோ ஓட்டுபவர். மன்னார் வீதியில் கழுதை குறுக்கிடாமல் எந்தக் காட்சியையும் எடுத்துவிட இயலாதாகையால், அவையும் அமைச்சின் அலுவலரைப்போலத் தொடர் முழுவதும் வந்து போயின.

அமைச்சரின் ஒவ்வொரு விழாவுக்கும் மனுவோடு வந்து நிற்கும் பெண் பாத்திரத்துக்கு இன்பாஸ் ஆள் தேடினார். வாடியில் பெற்றிசியாவிடம் கேட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: நின்று பேச வேண்டுமா, இருந்து பேசலாமா என்பது. இருந்தே பேசலாம் என்றதும் ஒப்புக்கொண்டார்.

ஆறாம் வாரத்துக் கதையில் அமைச்சர் தம் கல்லைத் தேடி வருகிறார். அது மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. இன்பாஸ் அந்தக் காட்சிக்கு உரையாடல் எழுதவில்லை. கல்லைச் செத்ததாக வைத்துக்கொண்டு ஏதாவது பாடுமாறு மட்டும் கேட்டார். உச்சி வெயில். பெற்றிசியா கல்லின் தலைமாட்டில் அமர்ந்தார், கூந்தலை அவிழ்த்தார், மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினார்:

"பாதியிலே விட்ட துறை பாத்திருக்குதே – என்ர கல்லே
படகு கட்ட ஆளில்லாமல் காத்திருக்குதே."

வின்சன்ட் சிரிப்பை அடக்க முயன்று தோள் குலுங்க நின்றார். கமரா அதையும் பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிறு மன்னார் சிரித்தது. மறுநாள் பஸ் நிலையத்தில் வின்சன்ட்டின் ஓட்டோவைச் சுற்றிக் கூட்டம். எங்கட ஒழுங்கை றோட்டுக்கு எப்ப கல்லு, அமைச்சர், என்று மீன் வியாபாரிகள் கேட்டார்கள். இல்லாத ஒன்றின் சாவுக்கு முறை தவறாமல் அழுத அழகை ஊரார் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

தொடர் இணையத்தில் ஏறியதும் கடல் கடந்தது. ஒஸ்லோவிலிருந்து ஒருவர், அமைச்சர் யாரைக் குறிக்கிறார் என்று பதினொரு பக்கம் எழுதினார். சூரிச்சிலிருந்து வேறொருவர் இன்பாஸ் எந்தக் கட்சி என்று கேட்டார். கலியாண வீடியோக் கட்சி என்று பதில் போயிற்று. இறுதியில் பாரிஸ் நகரத்து மண்டபம் ஒன்றில் நம்மவர் ஒன்றுகூடிப் பெரிய திரையில் ஆறாம் பகுதியைப் போட்டார்கள். அமைச்சரின் முதற் பேச்சுக்கு மண்டபம் சிரித்தது. ஒப்பாரி தொடங்கியதும் அடங்கியது. பின்பு பெண்கள் அழுதார்கள். சற்றுப் பொறுத்து ஆண்களும். தாய் தந்தையரின் சாவுக்கு வர இயலாமற் போனவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அந்த மெட்டை அவர்கள் கேட்டு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. படம் முடிந்ததும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள்.

அழாமல் இருந்தவர் ஒருவர், டினோஜா, விடத்தல்தீவுப் பெண். இரண்டாண்டுக்கு முன் அவருடைய தாய் மாக்கிறேற் இறந்தபோது வதிவிட அனுமதி கிடைக்காததால் ஊருக்கு வர முடியவில்லை. செத்த வீட்டைக் கைபேசியில்தான் கண்டார். மறுநாட் காலை அவருடைய குரற்பதிவு பெற்றிசியாவின் கைபேசிக்கு வந்தது.

"மாமி, டினோஜா கதைக்கிறன். படம் பாத்தனான். அது என்ர அம்மாவுக்குச் சொன்ன வரி. அண்டைக்குப் போனைக் காதோட வச்சுக்கொண்டு கேட்டனான், எனக்கு முழுக்கப் பாடம். இஞ்ச சனம் அதுக்குக் கைதட்டேக்க நான் எங்க பாக்கிறதெண்டு தெரியாமல் இருந்தனான். நீங்கள் வேணுமெண்டு செய்திருக்கமாட்டியள். எண்டாலும் சொல்லுங்கோ மாமி, அந்த வரி இப்ப ஆற்ற? அம்மான்ரயோ, கல்லின்ரயோ?"

பெற்றிசியா செதில் ஒட்டிய கையோடு அதை இருமுறை கேட்டார். மாக்கிறேற், மகள் பாரிசிலிருந்து பணம் அனுப்பக் கட்டத் தொடங்கிய வீடு கூரை ஏறாமல் நின்றபோதே இறந்தவர். அன்று தலைமாட்டில் பெற்றிசியா சொன்னது: பாதியிலே விட்ட வீடு பாத்திருக்குதே, என்ர தாயே, படலை திறக்க ஆளில்லாமல் காத்திருக்குதே. வெயிலில், கமராவின் முன், பாதியில் நின்ற துறையை நினைத்து வாய் திறந்தபோது, பாதியில் நின்ற வீடே வந்துவிட்டது. வீடு துறையாயிற்று, தாய் கல்லாயிற்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாமும் அவர்களோடு சிரித்ததை அவர் நினைத்துப் பார்த்தார். பாயில் கிடந்த மீன் அன்று ஒருபக்கம் மட்டுமே காய்ந்தது.

அன்று மாலை கோயிலில், மாக்கிறேற் வழக்கமாக அமரும் வாங்கில் போய் அமர்ந்தார். டினோஜாவின் மனம் தெளியும்வரை எந்தத் தலைமாட்டிலும் இனித் தாம் அமர்வதில்லை என்று அங்கே முடிவு செய்தார். முப்பதாண்டாக ஊர் அவரிடம் நம்பிக் கொடுத்திருந்த இடம் அது. இழந்தால் அவருக்கு வேறு இடமில்லை.

அடுத்த நாள் இன்பாஸ் மோட்டார்சைக்கிளில் விரைந்து வந்தார். ஐரோப்பாவில் இயங்கும் தமிழ் அலைவரிசை ஒன்று தொடரைக் கேட்டிருந்தது. ஒப்பாரியை வயலின் இசையோடு முன்னால் வைக்க வேண்டும், அதன்பின் வரும் பகிடிகளை நீக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பன நிபந்தனைகள். பெற்றிசியா கைபேசியை எடுத்து டினோஜாவின் பதிவைப் போட்டுக் காட்டினார். இன்பாஸ் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தொடக்கத்தில ஒரு வரி போட்டாக் காணும் அக்கா. யாவும் கற்பனை எண்டு."

"கற்பனை இல்லையே தம்பி. அது மாக்கிறேற் அக்கான்ர வரி."

"அப்ப அந்தக் காட்சியை வெட்டி எறியுவம்."

"வெட்டினா ஆருக்குச் சந்தோசம்? அமைச்சருக்குத்தான். பிழை என்ர வாயில, கல்லில இல்லை. திருப்பி எடுப்பம். கல்லுக்கெண்டு நான் புது வரி கட்டுறன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏலுமோ?"

"ஏலாது."

"வயலின்?"

"அதை அவையளே வச்சிருக்கட்டும்."

இன்பாஸ் மேற்கொண்டு வாதாடவில்லை. பழைய பகுதியை அன்றே இணையத்திலிருந்து இறக்கினார். பெற்றிசியா வெளிநாட்டிலிருக்கும் ஊரவரின் எண்களை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொருவராக அழைத்து, வைத்திருக்கும் பிரதியை அழிக்குமாறு கேட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் காரணம் கேட்டு நீண்ட நேரம் கதைத்தார்கள். எல்லாம் அழிந்ததா என்று அவரால் அறிய முடியாது. ஆயினும் கொப்பியில் கேட்காமல் விட்ட பெயர் இல்லை.

வரி எளிதில் வரவில்லை. துறை என்று தொடங்கினால் கடலில் போன ஒருவரின் நினைவு வந்தது. மணல் என்றால் வேறொருவர். அவர் வாயிலிருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் சேமக்காலையில் ஓர் உரிமையாளர் இருந்தார். ஒன்பதாம் நாள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த கொலின்ஸ் தலை நிமிராமலே சொன்னார்: "நீ செத்ததுக்கு அழுது பழகினனி. இது எப்பவடியப்பா பிறந்தது?"

பெற்றிசியா உலையை இறக்கி வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தார்.

இனிக் கல் வேண்டும். கடற்கரையில் விட்டு வந்த அது அங்கே இல்லை. ஓட்டோவில் ஊரைச் சுற்றிய வின்சன்ட் கரையோர வீடொன்றின் கிணற்றடியில் கண்டுபிடித்தார். அமைச்சரின் பெயர் பொறித்த பக்கம் மேலே இருக்க, அவ்வீட்டுப் பெண் ஜெசிந்தா அதில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். எழுத்துகளின் பள்ளத்தில் சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறதாம். திருப்பித் தரக் கேட்டதற்கு அவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்கட அமைச்சர் தந்ததில இது ஒண்டுதான் உதவுது. கொண்டு போக விடன்," என்றார்.

கல்லை அசைக்க வேண்டாம், இங்கேயே எடுப்போம் என்று பெற்றிசியா சொன்னார். இன்பாஸ் அங்கேயே கதையைத் திருத்தினார். உடுப்புக் காயப்போடும் இரு கம்பங்களுக்கிடையே நாடா கட்டினார்கள். அமைச்சின் முதலாவது நிறைவேறிய திட்டம் என்று துவைகல்லைத் திறந்துவைக்க வின்சன்ட் கத்தரிக்கோலோடு வந்தார். ஈரச் சீலைகளின் கீழ், பெற்றிசியா தலைமாட்டில் அமர்ந்தார்:

"பிறக்குமுன்னம் பேர் எழுதிப் போட்ட பிள்ளையே – உனக்குப்
பெட்டி செய்ய அளவெடுக்க உடம்பும் இல்லையே."

ஜெசிந்தா வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபின்னும் பெற்றிசியா எழவில்லை. கட்டிவந்த ஐந்து வரியும் முடித்தே எழுந்தார். வெள்ளிக்கிழமை கடந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

படத்தை முதலில் டினோஜாவுக்கு மட்டும் அனுப்பச் சொன்னார். கூடவே தம் குரலையும் அனுப்பினார். "மோளே, வரி அம்மான்ரதான். நான் எடுத்தது பிழை. அழிக்க ஏலுமானதை அழிச்சுப்போட்டன். இது கல்லுக்கெண்டே கட்டினது, இதுக்கு முந்தி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பாத்துப்போட்டுச் சொல்லு. நீ வேண்டாமெண்டா இது வெளிய வராது."

பதில் வரவில்லை. மூன்றாம் நாள் ஊரில் படகுகள் வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவர் இறந்தார். ஆள் வந்து கூப்பிட்டார். பெற்றிசியா போனார், முற்றத்தில் மற்றப் பெண்களோடு பின்வரிசையில் நின்றார். தலைமாடு வெறுமையாக இருந்தது. அவ்வீட்டார் இன்றும் அவரோடு முன்போல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த மனக்குறை நியாயமானதே என்று அவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆறாம் நாள் நண்பகல் டினோஜா தாமே கைபேசியில் அழைத்தார். வேலை முடித்து இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னார்.

"அளவெடுக்க உடம்பில்லை எண்ட இடத்தில சிரிச்சிட்டன் மாமி. பிறகு கொஞ்சம் அழுதனான், அது வேற. இதை வெளிய விடுங்கோ. அம்மான்ர வரி அம்மாவோட இருக்கட்டும்."

பெற்றிசியா ஓம் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஐரோப்பிய அலைவரிசை தொடரை வாங்கவில்லை. அழுகை போதாது என்று எழுதியிருந்தார்கள். பாரிஸ் மண்டபத்தில் புதிய பகுதியைப் போட்டபோது டினோஜா எழுந்து, முன்பு கேட்டது தம் தாயின் ஒப்பாரி என்றும், இது அமைச்சரின் கல்லுக்கானது, ஆகவே தயங்காமல் சிரிக்கலாம் என்றும் சொன்னாராம். மண்டபம் சிரித்த ஒலியைப் பதிவுசெய்து அனுப்பினார். வாடியில் அதைப் போட்டபோது மீன் புரட்டிய பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். 'அடிக்கல் அமைச்சு' இப்போது இரண்டாம் ஆண்டிலும் மன்னாரில் ஓடுகிறது. ஜெசிந்தாவின் கிணற்றடியில் கல் இருக்கிறது.

டினோஜா அழைத்ததற்கு அடுத்த மாதம் ஊரில் ஒரு தாய் இறந்தார். ஆள் வருமுன்னரே பெற்றிசியா கைகழுவி, வெள்ளைச் சேலை மாற்றிப் புறப்பட்டார். தலைமாட்டில் அமர்ந்து, அந்தத் தாய்க்கென்றே கட்டிய வரியைத் தொடங்கினார்.

அழுவோரின் அருகில் அமரும் அவருடைய இல்லத்தைக் கடலை அளந்த ஆண்டவர் காத்தருள்வாராக. கொலின்ஸின் தோணி விடியுமுன் சென்று வெளிச்சத்தோடு கரை சேர்க. மகள்மார் கற்ற கல்வி அவர்களைத் தாங்குக. பாதியில் நின்ற வீடுகளெல்லாம் கூரை ஏறும் காலம் வருக. அதுகாறும் பெற்றிசியாவின் வீட்டு முற்றத்தில் மீன் காய்க, அடுப்பில் உலை கொதிக்க, வாசலில் சிரிப்பொலி ஓயாது இருப்பதாக.