பெயர் எழுதாத கேசட்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. லிவர்மோர் கோயிலில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நல்லவர், வல்லவர் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். அண்ணனுக்கு அதெல்லாம் பிடிக்காது. அவருக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றியும், அவற்றில் ஒன்றுக்கு நான் செய்த பிழையைப் பற்றியும் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அந்தியூர்ப் பக்கம். எங்களுக்கு மழையை நம்பிய நான்கு ஏக்கர் காடு. அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. தானும் படித்து என்னையும் படிக்க வைத்தார். தொண்ணூறாம் ஆண்டு டெக்சாஸில் வேலை கிடைத்து வந்தார். வாரத்தில் மூன்று நாள் டாலஸிலிருந்து ஆஸ்டினுக்குக் கார் ஓட்ட வேண்டும். வழித்துணைக்கு ரேடியோ. அதில் எங்கே திருப்பினாலும் கண்ட்ரி பாட்டு, அமெரிக்க வெள்ளைக்காரக் குடியானவர்களின் பாட்டு என்று பேர்.

பொய்த்த மழை, காய்ந்த சோளம், விற்றுவிட்ட மாடு, ஊரில் தனியாக இருக்கும் அம்மா. இவ்வளவும் பாட்டில் வந்தால் எங்கள் அண்ணனுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? ஒரு கேசட் வாங்கினார். அட்டையில் ஆள் படம் இல்லை, ஒரு வேலியும் குதிரையும் மட்டும். பாடுகிறவர் வெள்ளைக்கார விவசாயி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

பிறகு கலிபோர்னியாவில் மில்பிடாஸுக்கு மாறினார். அங்கே டெஸ்டிங் பிரிவில் அவருடன் வேலை பார்த்தவர்தான் நம் எல்லோருக்கும் தெரிந்த வால்டர் அங்கிள். டெக்சாஸில் பிறந்த கறுப்பினத்தவர், அண்ணனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒருநாள் அண்ணனின் காரில் போகும்போது அந்தக் கேசட் ஓடியது. வால்டர் அங்கிள் சிரித்துவிட்டார். பாடுகிறவர் தன்னைப் போன்ற கறுப்பர்தான், கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையில் பேர் வாங்கியவர், அட்டையில் முகத்தைப் போட்டால் கண்ட்ரி கேட்கிறவர்கள் வாங்கமாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் வேலியைப் போட்டுவிட்டார்கள் என்றார்.

அன்று மாலையே அண்ணன் எனக்குப் போன் செய்தார். "குரலைக் கேட்டே ஆளோட கலரை நானா டிசைட் பண்ணிட்டேன் அம்மிணி. ரொம்ப வெக்கமா இருக்கு."

அந்த வெட்கம்தான் அவரைப் பழைய இசைத்தட்டுக் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒரே பாட்டு, வெள்ளையர் பாடியது ஒரு அலமாரியில், கறுப்பர் பாடியது வேறொரு அலமாரியில். இரண்டையும் வாங்கி அடுத்தடுத்து வரும்படி கேசட்டில் பதிவார். பாடியவர்களின் முகத்தைத் தேடிப் பிடித்து, ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி அட்டையில் ஒட்டுவார். அதற்குக் கீழேதான் தமிழில் பெயர் எழுதுவார். முகம் கிடைக்கும்வரை கேசட்டில் ஓர் எழுத்துகூட இருக்காது. "இது பாட்டு கேசட்டா, பொண்ணு வீட்டுக்கு அனுப்பற போட்டோவா?" என்று அண்ணி கேலி செய்வார்.

ஒரு பொங்கல் விருந்தில் நண்பர் ஒருவர், "இந்தக் கறுப்பருங்க ஏங்க வெள்ளைக்காரங்க பாட்டைப் பாடறாங்க?" என்று கேட்டார்.

"மழை பேயலைன்னா எல்லார் காட்லயுந்தாங்க பேயலை" என்றார் அண்ணன். அதற்கு மேல் அவர் விவாதம் செய்து நான் பார்த்ததில்லை.

வால்டர் அங்கிளும் இளமையில் ஓர் இசைக்குழுவில் பாடியவர்தான். ஒரே ஒரு கண்ட்ரி பாட்டை இசைத்தட்டில் பாடியிருக்கிறார், மழைக்குக் காத்திருக்கும் ஒரு குடியானவன் பாட்டு. குரலைக் கேட்டுக் கூப்பிட்ட வானொலிக்காரர்கள் ஆளைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டு அத்தோடு போயிற்று. ஹூஸ்டனில் அவருடைய அக்காவிடம் ஒரு தட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, அண்ணன் அங்கே போய்ப் பதிந்துகொண்டு வந்தார். பிறகு அந்த அக்கா வீடு மாறியதில் தட்டு உடைந்துவிட்டது. உலகத்தில் மிஞ்சியது அண்ணனின் கேசட் ஒன்றுதான். வால்டர் அங்கிளின் இளவயதுப் படம் கிடைக்கவில்லை என்பதால் அதில் எதுவும் எழுதாமல் காரிலேயே வைத்திருந்தார்.

அம்மாவுக்குக் கடிதம் படிக்கக் கண் போதாது. பேசிப் பதிந்த கேசட்டை ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் தவறுவதற்கு முந்தைய ஐப்பசியில் அவருடைய காரை இரவல் வாங்கியிருந்தேன். என் தோழி மறுநாள் ஊருக்குப் புறப்படுகிறாள். காரில் கிடந்த கேசட்டில் பெயர் இல்லை. காலி என்று நினைத்து, சன்னிவேலில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவசரமாக இரண்டே நிமிடம் அம்மாவிடம் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டேன்.

அண்ணன் மூன்று வாரம் தேடினார். "கார்ல ஒரு கேசட் இருந்துச்சே, பாத்தியா?" என்று என்னையும் கேட்டார். "இல்லண்ணா" என்றேன். நான் பேசி அழித்தது வால்டர் அங்கிளின் பாட்டை என்று எனக்கு விளங்கிவிட்டது, ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. பிறகு அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மார்கழியில் அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. எட்டு மாதம் போராடினார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அந்தக் கேசட்..." என்று தொடங்கினேன்.

"அது இருக்கற எடத்துல இருக்குது. நீ சாப்ட்டியா?" என்றார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து அழுதேன்.

முதலாண்டுத் திவசத்துக்காக அம்மா போன வாரம் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய அந்தக் கேசட்டை என் மடியில் வைத்தார்.

"நீ பேசி முடிச்சதுக்கு அப்பறம் ஆரோ பாடறாங்களேன்னு அவன்கிட்ட போன்ல கேட்டேன் கண்ணு. 'முழுசும் போயிருக்கும்னு பயந்துட்டேம்மா, பத்தரமா வெச்சிருங்க, தை மாசம் வந்து எடுத்துக்கறேன்'னான். உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னான். நீ ஒடைஞ்சு போயிருவியாம்."

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மழைப் பாட்டு என்று மட்டும் அண்ணன் சொல்லியிருக்கிறார். "மத்தியானம் சாப்ட்டுட்டு தெனமும் கேப்பேன். நல்ல கொரலு" என்றார்.

வால்டர் அங்கிளிடம் ஓடினேன். அவருக்கும் தெரிந்திருந்தது. தன் பாட்டு இந்தியாவில் ஓர் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறது என்று அண்ணன் அப்போதே சொல்லிவிட்டாராம். ஏறக்குறைய இரண்டு வருடம் எனக்கு மட்டும்தான் தெரியாது. அண்ணனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை இங்கே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து ரசம் சாதம் கொண்டுவந்த சன்னிவேல் குடும்பங்களுக்கும், தங்கள் விடுப்பு நாட்களை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், காரியங்களை முறையாக நடத்தித் தந்த குருக்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

வால்டர் அங்கிள் தன் இருபத்திரண்டு வயதுப் படம் ஒன்றை எங்கோ தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். வெட்டி ஒட்டி, கீழே அவர் பெயரைத் தமிழில் எழுதிவிட்டேன். இன்று சாப்பாடு முடிந்ததும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள். அம்மாவுக்கும் வால்டர் அங்கிளுக்கும் நடுவே டேப் ரெக்கார்டரை வைக்கப் போகிறோம். "அவ்வளவுதாம்மா, வேற ஒண்ணும் இல்ல, வெச்சிடறேன்" என்று என் குரல் நின்றதும், பாட்டின் கடைசி இரண்டு சரணங்கள் வரும். அதில் மழை பெய்கிறது.