பலகையில் பன்றிக்கறி

கோடையில் மிளகு பறிக்கும் வேலை முடிந்து, மலைமேல் வாழவந்தி நாட்டில் பசியோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மாவின் முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. முகர்ந்து பார்க்காமல் எந்தத் தக்காளியையும் அறுக்க மாட்டார். பன்னைப் பிளந்து, கனிந்த தக்காளி வில்லைகளின்மேல் மொறுமொறுவென்று வறுத்த பன்றி உப்புக்கண்டத்தை வைத்துத் தந்தார்.

சுற்றுலா வேன் டிரைவர் கடைப் பலகையைக் காட்டினார். “ஏனுங்கக்கா, பன்னிக்கறின்னு இருக்கறத அழிச்சுட்டு வெறும் கறின்னு எழுதுங்க. இல்லீனா வண்டி இங்க நிக்காது.”

“எங்க ஊட்டு விருந்துல வெக்கிற கறிங்க. ஒளிச்சு விக்க மாட்டேன். கெளம்புங்க சாமி.”

சாக்பீஸால் அந்த எழுத்தை இன்னும் தடிமனாக்கினார். அன்று வந்த ஒரே வேன் போய்விட்டது.

பசிக்காகப் பல ஊர்களில் சாதியை மாற்றிச் சொன்னவன் நான். மலையிறங்கி சேந்தமங்கலத்தில் வேலை கேட்டபோது, “என்ன ஆளுங்க?” என்றார்கள். உள்ளதைச் சொன்னேன்.