ஒரு நிமிடம் முன்னால் வந்த கிரகம்

செம்மொழி, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறாள். வயது நாற்பத்தொன்று. நடவு வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்த அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. தம்பி அன்பரசன் சிங்கப்பூரில். வீட்டில் அவள் மட்டும்தான்.

அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. விண்வெளித் தொலைநோக்கிகளின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்து, இறக்கிப் படிக்கத் தொடங்கினாள். அதில் ஒரு நட்சத்திரம் அவளைப் பிடித்துக்கொண்டது. வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று அதை ஒட்டியே, முப்பத்தொரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. குறுக்கே வரும்போதெல்லாம் நட்சத்திரத்தின் ஒளி துளி மங்கும். பன்னிரண்டு வருடப் பதிவுகளில் அந்த நேரங்களை ஒவ்வொன்றாகக் குறித்தாள். அதற்கே மூன்று வருடம் ஆனது. கடைசியில், கணக்குப்படி வரவேண்டிய நேரத்தைவிடக் கிரகம் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தது.

இவ்வளவு பெரிய கிரகம் இவ்வளவு கிட்டே இருந்தால் அதன் இழுப்பில் நட்சத்திரமே புடைக்கும். அந்தப் புடைப்பு கிரகத்தைப் பின்னுக்கு இழுக்க, பாதை சுருங்கிச் சுருங்கி, சுற்றும் நேரமும் குறைந்து, ஒருநாள் கிரகம் உள்ளே விழும். அதுதான் நடக்கிறது என்று செம்மொழி நம்பினாள். உடனே தம்பிக்கு போன் போட்டாள்.

"டியூட்டில இருக்கேன்க்கா. ஏதும் அவசரமா?"

"இல்லப்பா. சும்மாதான்."

பெங்களூரில் வானியல் ஆய்வாளரான சாவித்திரிக்கு எல்லாவற்றையும் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து மதியம் அழைப்பு வந்தது. கல்லூரிக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்குப் போய்ப் பேசினாள்.

"நேரமெல்லாம் ரொம்பச் சரியா எடுத்திருக்கீங்க செம்மொழி. ஆனா, அந்த நட்சத்திரத்தோட வேகத்தப் பாத்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

மாலையே பார்த்தாள். நட்சத்திரம் கிரகத்தையும் கூட்டிக்கொண்டு, வருடத்துக்கு வருடம் வேகம் கூடி நம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. தூரம் குறைந்ததால் ஒளி சீக்கிரம் வந்திருக்கிறது. தொலைவில், இன்னும் யார் கண்ணிலும் படாத ஏதோ ஒரு துணை நட்சத்திரம் அதை இழுக்கிறது. கிரகம் தன் பாதையில் அப்படியேதான் இருந்தது.

இரண்டு நாள் கல்லூரிக்கு லீவு சொன்னாள். சமைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, கிரகம் 'விழவில்லை' என்று கட்டுரையைத் தானே எழுதினாள். அவள், சாவித்திரி இருவர் பெயரிலும் அது வெளிவந்தது.

ஆசிரியர் அறை மேஜையில் கிடந்த அச்சுப் பிரதியைத் தாவரவியல் எடுக்கும் ரசியா பேகம் புரட்டினார்.

"அது விழாதுன்னு கண்டுபிடிச்சிருக்கீங்களா மிஸ்? நல்ல விஷயந்தானே, ஏன் முகம் இப்படி இருக்கு?"

"இத்தன வருஷமா இத நேர்ல உக்காந்து யாருகிட்டயும் சொன்னதில்ல மிஸ்."

ரசியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க."

அவருக்கு அடுத்த வகுப்பு பத்து நிமிடத்தில். செம்மொழி ஒரு தாளில் நட்சத்திரத்தை வரைந்தாள், ஒட்டினாற்போல் கிரகத்தை வரைந்தாள். துணை நட்சத்திரத்தை எங்கே போடுவது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.