அவளுடைய மூன்று வில்லாளிகள்

பக்கவாதம் வந்து என் மனைவி படுத்த பிறகு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நாங்கள் டேப்லெட்டில் ஒரு மாயாஜாலப் போர் விளையாட்டு ஆடுவோம். ஒருவர் நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவர் முறை. எனக்குப் பெரிய அரக்கர் படை. அவளுக்கு ஒரு கோட்டையும் மூன்று வில்லாளிகளும். கடைசிச் சுற்றுவரை கோட்டையைக் காத்தால் அவளுக்கு வெற்றி. ஒருமுறைகூட அவள் ஜெயித்ததில்லை.

அன்று மதியம் கடைசிச் சுற்றும் வந்துவிட்டது. கோட்டை இன்னும் அவள் கையில்.

"இந்த மூவ்ல உங்க அரக்கனுங்க காலி லா! மருந்து போட்டதுல தூக்கமா வருது. எழுந்து முடிக்கிறேன், தொடாதீங்க" என்று சிரித்தாள்.

அவள் தூங்கியதும், எதையும் நகர்த்தாமலே அவளுடைய முறையை முடித்துவிட்டேன். என் படை கோட்டைக்குள் புகுந்தது. எதிலும் அவளிடம் தோற்றுப் பழகாதவன் நான்.

விழித்தவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"கை தவறிப் பட்டிருச்சு" என்றேன்.

"பரவால்லங்க. நீங்கதானே எப்பவும் ஜெயிக்கணும்?"

அதற்குப் பிறகு அவள் ஆடவே இல்லை. அந்த மாதமே போய்விட்டாள்.

இப்போது அவள் பக்கத்தை எடுத்துக்கொண்டு, டேப்லெட்டையே எதிராளியாக வைத்து நான் ஆடுகிறேன். கோட்டை விழும் ஒவ்வொரு முறையும், பக்கத்துக் கட்டிலில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொள்வது கேட்கிறது. திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.