சம்பந்தியோடு ஒரு குலதெய்வத் தேடல்: கிள்ளான், பந்திங், ஜெஞ்சாரோம்

கல்யாணக் கார்டு அடிக்கப் போன இடத்தில் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அதனால்தான் இந்தப் பயணம். பூர்வீக வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டு வழி கேட்டு எழுதும் நண்பர்களே, நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. வேறு வழியில்லாமல் போனேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கார்டு கடை. என் மகள் தர்ஷினிக்கும் கிள்ளான் ராஜேந்திரனின் மகன் கவினுக்கும் கல்யாணம். கார்டின் உச்சியில் இரண்டு வீட்டுக் குலதெய்வத்தின் பெயரையும் போடுவது வழக்கம் என்பதால் கடைக்காரர் கேட்டார். நான் "கிணத்தடி முனியாண்டி" என்றேன். அதே மூச்சில் ராஜேந்திரனும் "கிணத்தடி முனியாண்டி" என்றார்.

"நல்லதா போச்சுலா, ஒரு வரி மிச்சம்" என்று கடைக்காரர் சிரித்தார். ராஜேந்திரனின் அக்கா சரோஜா சிரிக்கவில்லை.

"ஒரே குலதெய்வம்னா பங்காளிங்க. புள்ளைங்க அண்ணன் தங்கச்சி முறை ஆவுது. இந்தக் கார்ட அடிக்க வேணாம்" என்றார்.

எங்கள் தாத்தாவும் அவர்கள் தாத்தாவும் பந்திங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அது முன்பே தெரியும். தெரிந்தபோது பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்! இப்போது அதுவே வினையாகிவிட்டது. ரெண்டு வீட்டுக்கும் வேறு வேறு தெய்வம் என்று காட்டினால் ஒத்துக்கொள்கிறேன் என்பதுதான் சரோஜா அக்கா கடைசியாகச் சொன்னது. "வேணாம்பா, நாங்க பதிவு மட்டும் பண்ணிக்கிறோம்" என்றாள் தர்ஷினி. சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு சங்கடமும் வந்து சேர்ந்தது. அதுவரை வாய் நிறைய "சம்பந்தி" என்று கூப்பிட்ட ராஜேந்திரன், அன்று முதல் என்னை "boss" என்று கூப்பிட ஆரம்பித்தார். பங்காளி என்று ஆகிவிட்டால் அண்ணன் தம்பி, இல்லையென்றால் சம்பந்தி. முறை தெரியாத ஆளைக் கூப்பிட நம் நாட்டில் இதைவிட வசதியான சொல் கிடையாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் பதிலுக்கு "boss" என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். செந்தூலில் காலை ஏழு மணிக்குக் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறினேன். மாறும் இடத்தில் அரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஸ்டேஷன் வாசலில் ராஜேந்திரன் காரோடு நின்றார். டயர் கடை வைத்திருப்பவர், ஆனால் அவர் காரின் டயரைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

கிள்ளானிலிருந்து பந்திங் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல வரும். கொள்கலன் லோரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வழியில் ஜெஞ்சாரோமைத் தாண்டித்தான் போனோம். என் தாத்தா தோட்டத்தை விட்டு வந்து பலகை வீடு கட்டியது அந்த ஊரில்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் பிறக்கும் முன்பே அதை விற்றுவிட்டு எல்லோரும் செந்தூலுக்கு வந்துவிட்டார்கள். எங்கே இருந்தது என்று அப்பா காட்டியதில்லை. வருடா வருடம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது முனியாண்டி திருவிழாவுக்கு மட்டும்தான். பிறகு நான் ஏன் வேறு பெயரைச் சொல்லப்போகிறேன்?

தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் ஒன்றுகூட இல்லை. செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் கோயில் மட்டும் தகரக் கூரை போட்டு நிற்கிறது. கிணற்றை மூடிவிட்டார்கள். முனியாண்டி அதே மீசை, அதே முறைப்பு. வெள்ளிக்கிழமை பூசைக்காகக் கமலா அக்கா என்பவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த லைன் வீட்டில் பிறந்தவர், இப்போது பந்திங்கில் மகனோடு இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"இவரு தோட்டத்துக்கே காவல்காரருலா! தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் இவருதான். இவர கும்புட்டவங்க எல்லாம் பங்காளின்னா பந்திங்ல எவனுக்கும் கல்யாணம் ஆவாது."

எனக்குப் பாதி உயிர் வந்தது. ராஜேந்திரன் தலையைச் சொறிந்தார். "எங்க அக்கா இத ஒத்துக்காது boss. பொதுச் சாமின்னா, அப்ப உங்க சொந்தச் சாமி எதுன்னு கேக்கும்."

அதற்கும் கமலா அக்காவிடம் பதில் இருந்தது. என் தாத்தாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார். "ஒங்க தாத்தா வீட்டுல பின்பக்கம் மூணு கல்லு வச்சுக் கும்புடுவாங்க. தோட்டத்த விட்டுப் போறப்ப மாட்டு வண்டியில மொதல்ல ஏத்துனது அந்தக் கல்லத்தான். நான் சின்னப் புள்ள, பாத்துக்கிட்டு நின்னேன். ஜெஞ்சாரோம்ல வாய்க்கா ஓரம் வீடு. இப்ப அங்க ஒரு தவுக்கே டிராகன் பழம் போட்டிருக்காரு, போய்ப் பாருங்க."

என்ன சாமி என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுப்பா. அவங்கவங்க சாமிய அடுத்தவங்க கேக்க மாட்டோம்" என்றார்.

வந்த வழியே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பினோம். அந்த இடத்தில் கல் இருக்குமா, இருந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கப் போகிறது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஜெஞ்சாரோம் காப்பிக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வழி கேட்டோம். உடனே காட்டினார்கள்.

தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, என் வயதுக்காரர், சீனர். ரப்பர் பூட்ஸோடு வந்தார். நான் மலாய் மொழியில் தடுமாறி ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "தமிழ்லயே பேசுங்க அண்ணே. எங்கப்பா எஸ்டேட்ல கடை வச்சிருந்தாரு" என்றார். என்னைவிட நல்ல தமிழ்!

தாத்தாவின் பெயரைச் சொன்னதும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பண்ணையின் கோடியில் ஒரு வேப்பமரம். அடியில் சின்னச் சிமெண்டு மேடை, அதில் மூன்று கற்கள். முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது, இரண்டு ஆரஞ்சுப் பழம் இருந்தது. நடுக் கல்லுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தது.

"இந்தத் துணி யார் கட்டுனது?" என்றேன்.

"நான்தான். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் புதுசு மாத்துவேன். பச்சை மட்டும்தான். உங்க தாத்தா எங்கப்பாவுக்கு வீட்ட வித்தப்ப சொல்லிட்டுப் போனது. இது பொம்பள சாமி, பச்சைத் துணி கட்டணும், கோழி கீழி வைக்கக் கூடாது, பழம், சோறு போதும். எங்கப்பா கல்ல எடுத்துட்டுப் போங்கன்னாராம். இந்தச் சாமி அம்மாவுக்குச் செந்தூல் மாடி வீடு சரிப்படாதுன்னு உங்க தாத்தா சொல்லிட்டாராம்."

பொம்பள சாமி. பச்சைத் துணி. சைவப் படையல். பச்சையம்மன்! என் அத்தை ஒருத்திக்குப் பச்சையம்மாள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்து நாங்கள் செய்யாத கேலி இல்லை. அந்த மரத்தடியில் நின்று நான் அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ராஜேந்திரன் அதற்குள் அக்காவுக்கு வீடியோ கால் போட்டுக் கல்லைக் காட்டிவிட்டார். தவுக்கே சொன்னதையெல்லாம் சரோஜா அக்கா அவர் வாயாலேயே மறுபடி சொல்ல வைத்துக் கேட்டார்.

"கோழிகூட ஆவாதா? கெடா?"

"ஒண்ணும் ஆவாது ஆன்டி."

அக்கா போனைக் கிட்டத்தில் பிடித்து அந்தப் பச்சைத் துணியை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம், "நம்ம ஆளுங்க கெடா வெட்டாம எந்திரிக்க மாட்டாங்க. பச்சையம்மா வீடுன்னா அவங்க வேறதான். சரி, சரி, கார்ட அடிக்கச் சொல்லு" என்றார்.

ராஜேந்திரன் போனைப் பையில் போட்டார். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க சம்பந்தி, பசிக்குது" என்றார். அன்று சாப்பிட்ட வாழை இலைச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா, உறைப்பு இருந்ததா, எனக்கு நினைவில்லை. அவ்வளவு நிம்மதி.

இதே போலத் தேடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை போங்கள், மற்ற நாட்களில் தோட்டக் கோயிலில் ஆள் இருப்பது அரிது. தோட்டத்துக்குள் பஸ் போகாது, கார் வேண்டும், மழை பெய்திருந்தால் செம்மண் பாதையில் இறங்காதீர்கள். கொசு மருந்தும் தண்ணீரும் அவசியம். காலையில் கிளம்பினால் மாலை நான்கு மணிக்குள் கிள்ளான் திரும்பிவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், உறவினர்களிடம் குலதெய்வத்தின் பெயரைக் கேட்காதீர்கள், தோட்டத்துச் சாமியின் பெயரைத்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டுப் படையலில் எதை வைக்கக் கூடாது என்று கேளுங்கள். பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்களிடமும் கேளுங்கள்.

கார்டு வந்துவிட்டது. உச்சியில் இரண்டு வரி, எங்கள் பச்சையம்மனுக்கு ஒன்று, அவர்கள் முனியாண்டிக்கு ஒன்று. முதல் கார்டைக் குலதெய்வத்துக்கு வைப்பது முறை என்பதால், மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு போன ஞாயிறு இரண்டு குடும்பமும் ஜெஞ்சாரோம் போனோம். தர்ஷினி புதுப் பச்சைத் துணி வாங்கி வந்திருந்தாள். அவள் கட்டப் போனபோது தவுக்கே பக்கத்தில் போய் நின்றார்.

"முடிச்சு பின்பக்கம் வரணும்மா" என்றார். அப்படித்தான் கட்டினாள்.