மண்புழுவுக்கும் ஆயுத பூஜை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியும் முடித்தேன். கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு ரயில் பாதை வேலைக்கு வந்த அப்பா, சம்பளம் வாங்கக் கட்டைவிரல் வைப்பவர். அவர் மகள் விலங்கியல் படித்து, மண் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உத்தியோகம் பார்த்தாள். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. உத்தியோகம் தற்காலிகம் என்பது ஒன்றுதான் குறை.

அங்கே என் பொறுப்பு மண்புழுக்கள். கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டியில் செம்மண்ணையும் கரிசல் மண்ணையும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே சருகு பரப்பி, புழுக்களை விட்டிருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அவை இரண்டு மண்ணையும் மேலும் கீழுமாகக் கலந்து, கண்ணாடி ஓரமெல்லாம் வளை தோண்டியிருந்தன. சீமைக்குப் போய் மண்ணைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிவந்த எங்கள் தலைவர், அந்தப் பெட்டியைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார். மண் கையில் ஒட்டும் என்று சீமையில் யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

தசரா பொருட்காட்சியில் அந்தப் பெட்டியை வைப்பதென்று முடிவாயிற்று. விஜயதசமிக்கு மறுநாள் பெங்களூரிலிருந்து மேலதிகாரி பார்வையிட வருகிறார். "அவருக்குப் பிடித்தால் உன் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி" என்றார் தலைவர். அவருடைய மைத்துனர் மகன் அந்த வருஷம்தான் படிப்பை முடித்து, வேலையில்லாமல் கோட்டு மட்டும் தைத்து வைத்திருந்தான்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு யானை முதல் அரிவாள்மணை வரை எதுவும் பொட்டில்லாமல் தப்ப முடியாது. எங்கள் கூடத்தில் தராசுக்குச் சந்தனம், சோதனைக் குழாய்களுக்குப் பூச்சரம். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி மேலேயே தலைவர் தம் கையால் குங்குமம் வைத்தார். அதைத் துடைத்தெடுக்க எனக்குப் பாதி நாள் ஆயிற்று.

பூஜையை நடத்தியவர் பெரிய குமாஸ்தா, மேல்கோட்டைக்காரர். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்திச் செம்போடு என் பெட்டியை நோக்கி வந்தார்.

"ஸார், அதுக்கு வேண்டாம். அது ஆயுதம் இல்லை."

"ஏம்மா, புழு நிலத்தை உழறதுன்னு நீதானே சொன்னே? உழற கலப்பைக்குப் பூஜை உண்டா இல்லியா?"

"இது உயிரோட இருக்கு ஸார்!"

"பட்டத்து யானை மட்டும் செத்தா இருக்கு? அதுக்குப் பண்ணலியா?"

தலைவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குமாஸ்தா தெளிப்பார் என்று நினைத்தேன், செம்பையே கவிழ்த்துவிட்டார். சுண்ணாம்பு பட்டதும் புழுக்கள் துடித்துக்கொண்டு மேலே வந்தன.

"பாத்தியா, சேவிக்க வரது!" என்றார் குமாஸ்தா, கண் கலங்க.

சாயங்காலத்துக்குள் எல்லாம் செத்துப்போயின. தலைவர் எட்டிப் பார்த்து, "தூங்குகின்றன என்று சொல்லிவிடலாமே" என்றார்.

மறுநாள் ஊரே தங்க அம்பாரி பார்க்கப் போயிருந்தது. நான் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், குளித்த தண்ணீர் பாயும் வாழையடியில் மண்வெட்டியோடு நின்றேன். அம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏனம்மிணி, ஊரு சனமே ஆனை பாக்கப் போயிருக்குது. நீ புழுத் தோண்டறயா? இதுக்கா உன்னைய இத்தனை வருசம் படிக்க வெச்சோம்?"

"படிக்காமத் தோண்டுனா கூலி. படிச்சுப்போட்டுத் தோண்டுனா உத்தியோகம்மா."

"ரெண்டுக்கும் சேறு ஒண்ணுதான். அந்த நல்ல பொடவையை மாத்திக்கிட்டாச்சும் தோண்டு."

மாற்றிக்கொண்டு தோண்டினேன். பிறகு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், சுண்ணாம்பு ஊறிய மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, வாழையடி மண்ணையும் புதுப் புழுக்களையும் போட்டேன். காலையில் பார்த்தபோது, காலியான வீட்டுக்குக் குடிவந்தவர்களைப் போல அவை பழைய வளைகளில் நடமாடிக்கொண்டிருந்தன.

பொருட்காட்சியில் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். பெட்டிக்கு அருகில் மைத்துனர் மகனின் கோட்டு நின்றது. மேலதிகாரி வந்ததும் தலைவர் விளக்கினார்: "இவை பயிரின் வேரைத் தின்றுவிடாதபடி கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறோம்."

"வேரைத் தின்னாது. காய்ந்த சருகைத் தின்று மண்ணை வளமாக்கும்" என்று பின்னாலிருந்து கன்னடத்தில் சொன்னேன்.

மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். "பெட்டி துடைக்கிற பெண்" என்று சிரித்தார் தலைவர்.

"அப்படியா? ஒன்றை வெளியே எடுங்கள், பார்க்கலாம்" என்றார் மேலதிகாரி அவரிடம்.

தலைவர் மைத்துனர் மகனைப் பார்த்தார். அவன் தன் புதுக் கோட்டின் கையைப் பார்த்தான். பிறகு இருவரும் குமாஸ்தாவைப் பார்த்தார்கள். "நான் மடியா வந்திருக்கேன்" என்று குமாஸ்தா பின்னால் நகர்ந்தார். நான் முன்னால் போய், மண்ணுக்குள் கைவிட்டு, இருப்பதில் கொழுத்த புழுவாக ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மேலதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அவரும் ஓரடி பின்வாங்கத்தான் செய்தார். "இந்தப் பெண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். என் படிப்பை மெச்சினாரா, அடுத்த முறை தாமே தொட வேண்டி வந்துவிடுமோ என்று பயந்தாரா, தெரியாது. எதுவானாலும் உத்தரவு வந்தது.

உத்தரவோடு மைசூர்பாகும் கொண்டுவந்தார் பெரிய குமாஸ்தா. "பாத்தியாம்மா? அன்னிக்கு ஒரு செம்பு ஆரத்தி விட்டேனே, வீண்போகலை."

நிரந்தர உத்தியோகஸ்தர்களுக்கு அவரவர் அறையின் சாவி உண்டு; என் புழுப்பெட்டி இருக்கும் அறையின் சாவி அதுவரை குமாஸ்தாவிடம்தான் இருந்தது. அதை அவரிடமே கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் இனிப்புக்குக் கை நீட்டினேன்.